கலவாய்ப் பாரில் ஒரு பகல்

ஈழத்தின் வடமுனையிலே, பாக்குநீரிணையும் வங்காள விரிகுடாவும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் அமைந்திருப்பது பருத்தித்துறை. பருத்திப் பொதிகள் ஏறியிறங்கிய துறையாதலின் இப்பெயர் வந்ததென்பது ஊரார் தொன்றுதொட்டு வழங்கும் விளக்கம். போர்த்துக்கேயரோ இம்முனையைக் 'கற்களின் முனை' என்று பொருள்படத் தம் மொழியிற் குறித்தனர். அச்சொல்லே திரிந்து ஆங்கிலேயர் வாயில் 'பொயின்ற் பீட்றோ' ஆயிற்று. வணிகன் துறையைக் கண்டு மகிழ்ந்தான். மாலுமி கல்லைக் கண்டு அஞ்சினான். இவ்வூர்க் கடற்றொழிலாளிக்கு அக்கல்லே வயலாயிற்று. கரையோரத்து முருகைக்கற் பாறைகளும், அவற்றுக்கு அப்பால் நீரின் அடியில் ஆங்காங்கே மேடிட்டுக் கிடக்கும் பார்களும் மீனினங்கள் குடியிருக்கும் இடங்களாகும். அப்பார்களை நாடிப் படகிற் சென்று, கைத்தூண்டில் கொண்டு கலவாயும் விளைமீனும் பிடிக்கும் தொழிலைப் பற்றியும், அத்தொழிலின் ஒரு பகற்பொழுதைப் பற்றியும், இன்று அதற்கு நேர்ந்திருக்கும் இடரைப் பற்றியும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

மேலைநாட்டார் 'பேர்ச்சு' என அழைக்கும் மீன், ஐரோப்பாவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். பசுமை கலந்த உடலிற் கறுத்த பட்டைகளும், முதுகிலே முள் நிறைந்த செட்டையும் உடையது. அந்நாடுகளில் ஓய்வுநாட்களிற் பெரிய ஏரிகளிற் படகேறி, நாள் முழுதும் இம்மீனைத் தூண்டிலிட்டுக் காத்திருப்பது பலருக்கும் இனிய பொழுதுபோக்கு. முள்முதுகின் சாயலைக் கண்ட ஆங்கிலேயர், வெப்பக் கடல்களிலே பாறைகளிடையே வாழும் வேறு பல மீன்களுக்கும் அப்பெயரையே பொதுப்பெயராக நீட்டி வழங்கினர். தமிழில் அவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. தடித்த உடலும், அகன்ற வாயும், மேனியெங்கும் மறுவும் புள்ளியும் கொண்டது கலவாய். நீண்ட முகமும், சிப்பியையும் நண்டையும் நொறுக்கவல்ல கடைவாய்ப் பற்களும் உடையது விளைமீன். சிவந்த மேனியது செப்பலி. கழிமுகத்திலும் கடனீரேரியிலும் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் உவர்நீரை நாடி இறங்குவது கொடுவா.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மழைநீரைச் சுண்ணக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்ள, மக்கள் கிணறு தோண்டி அதனை இறைத்து வாழ்கின்றனர். படகோட்டி மீன்பிடிக்கத்தக்க பெரிய நன்னீர் ஏரியும் இங்கில்லை. ஆயினும் மாரிக்கால வாடைக்காற்று ஓய்ந்து, வைகாசியிற் கிளம்பும் சோளகம் இன்னும் எழாத பங்குனி, சித்திரை மாதங்களிலே, பருத்தித்துறைக் கடல் தானே ஓர் ஏரியாகி விடுகிறது. அலையெனச் சொல்லத்தக்கது எதுவுமின்றி, விடியற்காலையில் நீர் எண்ணெய் போற் கிடக்கும். அக்காலமே தூண்டிற்காரனுக்கு நற்காலம்.

கரையிலிருந்து வடக்கும் வடகிழக்குமாக விரிந்து செல்லும் ஆழங்குறைந்த கடலடித்தளத்தைப் புவியியல் நூலார் பேதுரு மேடை என்பர். கதிரவன் ஒளி நீரை ஊடுருவி நெடுந்தூரம் இறங்குவதாலும், ஆண்டுக்கு இருமுறை திசைமாறும் பருவக்காற்றுகள் நீரைக் கலக்கிவிடுவதாலும், இத்தகைய மேடைகளிலே மீனுக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. 1920களின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் 'லில்லா' என்னும் இழுவைக் கப்பலைக் கொண்டு தீவைச் சூழ்ந்த கடலடித்தளத்தை ஆராய்ந்தது. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள உவாட்ஜ் மேடையும் வடக்கேயுள்ள இப்பேதுரு மேடையும் அறிஞர் கவனத்துக்கு உரியனவாயின. 1976ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடலெல்லை உடன்பாட்டினால் உவாட்ஜ் மேடை இந்தியாவின் பங்காயிற்று. இலங்கைக்கு எஞ்சிய மேடைகளில் பேதுரு மேடையின் பெருமை அதனால் இன்னும் கூடிற்று எனலாம்.

இக்கரையார் கலம் செலுத்துவதிற் பேர்பெற்றவர். அண்மையிலுள்ள வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்த செய்தி பலரும் அறிந்ததே. அதற்கு வேண்டிய துணிவும் அறிவும் கரையோரத்துச் சிறு கலங்களிலேயே பயிலப்பட்டவை. கட்டுமரமும் வள்ளமும் துடுப்பினாலும் பாயினாலும் ஓடிய காலம் நெடியது. 1950களில் உலக உணவு விவசாய நிறுவனத்தின் துணையோடு படகுகளுக்கு இயந்திரம் பூட்டும் முயற்சி இலங்கையிலே தொடங்கிற்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியால் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரிற் படகு கட்டுந் தளம் அமைத்தது. பின்னர் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. இன்று துறையிலே வரிசையாய்க் கிடப்பவை பெரும்பாலும் அவைதாம்.

தூண்டிற் கயிறும் அவ்வாறே மாறிற்று. முன்னாளிற் பருத்தி நூலை முறுக்கி, மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்து, வெயிலிலே காயவிட்டுப் பதப்படுத்துவர். இன்று தங்கூசி வந்துவிட்டது. அது நீரிற் கரையாது. மீனின் கண்ணுக்கும் எளிதிற் புலப்படாது. ஆனால் விரலிடையே கயிறு ஓடும்போது மீனின் எண்ணத்தை அறியும் கலை மட்டும் மாறவில்லை. அதனை எந்த இயந்திரமும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பங்குனி மாதத்து நாளொன்றை எடுத்துக்கொள்ளலாம். விடிய இரண்டு நாழிகை இருக்கும்போதே மூவர் துறைக்கு வருகின்றனர். ஒருவர் அறுபதைக் கடந்த தண்டயல். மற்றவர் அவருடன் நெடுநாள் தொழில் செய்யும் அயல்வீட்டார். மூன்றாமவன் தண்டயலின் பேரன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் இளைஞன். கொழும்புக்குப் போவதா, கடல் கடந்து தூரதேசம் போவதா என்ற எண்ணமே அவன் மனத்தில் நிறைந்திருக்கிறது. பரீட்சைக்கும் பயணத்துக்கும் இடையிலுள்ள ஓய்வுநாட்களிற் பாட்டனாருக்குக் கைகொடுக்க வந்திருக்கிறான்.

மண்ணெண்ணெய், நங்கூரம், தூண்டிற் சுருள்கள், ஈயக்குண்டுகள், முதல்நாள் மாலையே தேடிவைத்த கணவாயும் சூடையும், குடிநீர், பழஞ்சோறு ஆகியன படகில் ஏறுகின்றன. மண்ணெண்ணெயை அளந்து ஊற்றும்போது தண்டயலின் முகம் சற்றே சுருங்குகிறது. 2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, லீற்றர் 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெயின் விலை ஒரே நாளில் 340 ரூபாவுக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன்னரே எண்ணெய் கிடையாமற் பல படகுகள் கரையிற் கிடந்தன. அந்நாள் முதல் ஒவ்வொரு பயணமும் ஒரு கணக்கோடுதான் தொடங்குகிறது: இன்று பிடிபடும் மீன் எண்ணெய்க்கு ஈடாகுமா என்பதே அக்கணக்கு.

கரையை அணைத்துக் கிடக்கும் முருகைக்கற் பாறைகளிடையே வழியறிந்து படகு வெளியேறுகிறது. கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும்போது கரை ஒரு கரிய கோடாகத் தெரிகிறது. அக்கோட்டின்மேல் நிமிர்ந்து நிற்பது 1916ஆம் ஆண்டு கட்டப்பட்ட கலங்கரைவிளக்கம். 32 மீற்றர் உயரமுள்ள அக்கம்பத்தைத் தண்டயல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். அதற்கு நேரே பின்னால் ஒரு கோயிற் கோபுரம் வந்து நிற்கவேண்டும். அதேவேளை மேற்கே ஒற்றைப் பனையொன்று மற்றொரு குறியோடு பொருந்தவேண்டும். இவ்விரு நேர்க்கோடுகளும் வெட்டும் புள்ளியிலே, நீருக்குள் ஏழு பாகத்தில், பார் இருக்கிறது. நிலத்திலே வேலி போட்டு எல்லை வகுப்பது போன்று நீரிலே வகுத்த எல்லை இது. தந்தை மகனுக்குச் சொல்லி, மகன் பேரனுக்குச் சொல்லி வந்த கல்வி. பார்களுக்குத் தொழிலாளர் தமக்குள்ளே பெயரிட்டு வழங்குவர். அயலாரிடம் அப்பெயரைச் சொல்வதற்குச் சற்றுத் தயங்குவர்.

பேரனின் கையிலே கைப்பேசி இருக்கிறது. செய்மதியின் துணையால் இடத்தைக் காட்டும் படம் அதில் விரிகிறது. "இதில ஒருக்கால் குறிச்சு வைச்சால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் அப்பு" என்கிறான் அவன். "குறிச்சு வை தம்பி, நல்லதுதான். ஆனால் மின்கலம் செத்தாலும் கோபுரம் நிக்கும்" என்று சிரிக்கிறார் பாட்டனார்.

நங்கூரம் இறங்குகிறது. நீரோட்டம் எத்திசையில் என்பதை முதலிற் பார்த்து, பாருக்கு மேலோட்டமாகப் படகை நிறுத்துவது முறை. அப்போதுதான் இரை நீரோட்டத்தோடு சென்று பாரின்மேல் விழும். மூன்று தூண்டில்கள் இறங்குகின்றன. ஈயக்குண்டு அடியைத் தொட்டதும் ஒரு முழம் மேலே தூக்கி, விரலிலே கயிற்றை வைத்துக் காத்திருக்கின்றனர். சிறிது நேரம் செல்கிறது. இரை மாற்றப்படுகிறது. கதிரவன் ஒரு பனையளவு உயர்கிறான். எவர் விரலிலும் அசைவில்லை.

"இரை பழுதாப் போச்சோ அப்பு?" என்று கேட்கிறான் இளைஞன்.

முதியவர் விடை கூறாமல் வேறொரு குண்டை எடுக்கிறார். அதன் அடிப்புறத்திலே சிறிது சவர்க்காரத்தை அப்பி நீருக்குள் விடுகிறார். கடலடியின் தன்மையை அறியப் பாய்க்கப்பல் மாலுமிகள் கையாண்ட பழைய உபாயம் அது. அக்காலத்திற் கொழுப்பை அப்புவர்; இக்காலத்திற்குச் சவர்க்காரம் போதும். குண்டு மேலே வந்தபோது அதில் ஒட்டியிருந்தது கல்லின் தழும்பன்று. நொறுங்கிய சிப்பியும் முருகைத் துகளும் கலந்த சேறு.

"இரை நல்லதுதான் தம்பி. வீடு இடிஞ்சு கிடக்குது. இடிஞ்ச வீட்டில ஆர் இருப்பினம்?" என்கிறார் அவர்.

இரவிலே இழுவைமடி அவ்வழியாற் சென்றிருக்கிறது. இழுவைமடி என்பது பாரம் பூட்டிய வலை. அதன் வாயைப் பலகைகள் அகல விரித்துப் பிடிக்க, இயந்திரப் படகு அதனைக் கடலடியோடு உரசி இழுத்துச் செல்லும். இறாலை நாடி இழுக்கும் அம்மடி, இறாலோடு குஞ்சும் குருமனும், நண்டும் நட்சத்திரமீனும், பாசியும் பவளமும் யாவற்றையும் வாரிச் செல்கிறது. மீன் பிடிபட்டால் மீண்டும் பெருகும். மீன் ஒதுங்குவதற்குரிய முருகை இடிபட்டால், அது வளர்வதற்கு ஒரு தலைமுறை வேண்டும்.

தண்டயல் நங்கூரத்தைத் தூக்கச் சொல்கிறார். படகு மேலும் வடகிழக்கே செல்கிறது. அங்கேயுள்ள பார் அளவிற் சிறியது. ஆனால் கூரிய கற்கள் உயர்ந்து நிற்பது. இழுவைமடி அங்கே சென்றாற் கிழிந்துபோகும் என்பதை இழுவைக்காரரும் அறிவர். ஆதலின் அப்பார் தப்பிக் கிடக்கிறது. குறி பார்த்து நங்கூரமிட்டு, தூண்டிலை இறக்கிய சில நொடிகளிலே அயல்வீட்டாரின் கயிறு நடுங்குகிறது.

விளைமீன் இரையை எடுக்கும் முறை வேறு; கலவாய் எடுக்கும் முறை வேறு. விளைமீன் முதலில் இருமுறை தட்டிப் பார்க்கும். அவசரப்பட்டு இழுத்தவனின் தூண்டில் வெறுமையாய் மேலே வரும். மூன்றாந் தட்டலில் அது இரையோடு ஓடத் தொடங்கும், அப்போது இழுக்கவேண்டும். கலவாயிடம் அத்தகைய நாகரிகம் இல்லை. கல்லின் வாசலில் அசையாமற் கிடந்து, இரை அருகில் வந்ததும் அகன்ற வாயைத் திறந்து நீரோடு உறிஞ்சி விழுங்கிவிட்டு, அக்கணமே தன் குகைக்குள் திரும்பும். அதன் தலை குகைக்குள் நுழையுமுன் இரண்டு பாகம் மேலே தூக்கிவிட்டால் மீன் தூண்டிற்காரனுக்கு. ஒரு கணம் பிந்தினால் மீன் கல்லுக்கு.

இளைஞன் ஒரு கணம் பிந்திவிடுகிறான். கயிறு கல்லிலே கட்டியது போல் இறுகி நிற்கிறது. அவன் பலங்கொண்ட மட்டும் இழுக்க முனைகையில் முதியவர் அவன் கையைத் தடுக்கிறார். குகைக்குள் நுழைந்த கலவாய் செட்டை முள்ளையும் செவுளையும் விரித்துக் கல்லோடு கல்லாய் இறுகிக்கொள்ளும். இழுத்தாற் கயிறு அறும். தூண்டிலை விழுங்கிய மீன் உள்ளேயே கிடந்து சாகும். அதனால் ஒருவருக்கும் பயனில்லை. "கயிறை இளக்கிவிடு. நீ இல்லையெண்டு அது நினைக்கட்டும்" என்கிறார் முதியவர். கயிறு தளர்கிறது. வெற்றிலை ஒருமுறை மடித்துப் போடும் நேரம் செல்கிறது. பின்னர் கயிறு மெல்லப் பக்கவாட்டில் நகரத் தொடங்குகிறது. "இப்ப!" என்ற சொல்லோடு இளைஞன் இழுக்கிறான். நீரிலே ஒரு மண்ணிற நிழல் எழுகிறது. படகின் விளிம்பைத் தாண்டி விழுந்த கலவாயின் நீளம் அவன் கையளவு. உள்ளங்கையிலே தங்கூசி கிழித்த கோட்டில் இரத்தம் கசிவதை அவன் அப்போதுதான் காண்கிறான். அவன் முகத்திலே தோன்றிய பெருமிதம், எந்தப் பரீட்சையின் பெறுபேறும் தரவல்லதன்று.

நண்பகலுக்குள் பத்துப் பன்னிரண்டு விளைமீனும், நான்கு கலவாயும், சில செப்பலியும் பறியை நிறைக்கின்றன. கையகலத்துக்குக் குறைந்தவற்றை முதியவர் தூண்டிலிலிருந்து மெல்லக் கழற்றி நீரில் விடுகிறார். மீன் இன்னும் இரை எடுத்துக்கொண்டே இருக்கிறது. அவ்வேளையில் அவர் தமது தூண்டிலைச் சுருட்டத் தொடங்குகிறார்.

"இன்னும் எடுக்குது அப்பு!"

"எடுக்கட்டும். இந்தக் கல்லுக்கு இண்டைக்கு இவ்வளவு காணும். இது ஒண்டுதான் எங்களுக்கு மிஞ்சிக் கிடக்குது."

தெற்கே, கரைக்கு மேலே, வெண்பஞ்சு போன்ற முகில்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்து அடிக்கறுத்து வருவதையும் அவர் கண்டிருக்கிறார். பங்குனி, சித்திரையிற் பிற்பகல் இடிமழை இவ்வாறே திரளும். ஏரி போற் கிடக்கும் கடல் அரைநாழிகையில் வேறு முகம் காட்டும். படகு கரையை நோக்கித் திரும்புகிறது.

துறையிலே ஏலம் நடக்கிறது. கலவாயும் விளைமீனும் நல்ல விலை பெறுவன; கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் வணிகர் அவற்றையே முதலில் நாடுவர். எண்ணெய்ச் செலவை முதலிற் கழித்து, எஞ்சியதிற் படகுக்கு ஒரு பங்கும் ஆளுக்கொரு பங்குமாகப் பிரிக்கின்றனர். செப்பலிகள் மட்டும் ஏலத்துக்குச் செல்லவில்லை. அவை அன்றிரவு நண்டோடும் இறாலோடும் ஒடியல்மாக் கூழிலே கலந்து, பிலாவிலையில் ஊற்றப்பட்டு, வீட்டார் அனைவரையும் ஒரு வட்டமாக அமரவைக்கும். அன்றைய கணக்கில் நட்டமில்லை. ஆயினும் முதற்பாரிற் கிடைத்த சேறு தண்டயலின் மனத்தை விட்டு நீங்கவில்லை.

அவருடைய கவலையின் ஆழத்தை உணர, கலவாயின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்ளுதல் வேண்டும். இம்மீன் மெல்ல வளர்வது. பல ஆண்டுகள் வாழ்வது. தான் பிடித்த கல்லை எளிதில் விட்டகலாதது. இதனினும் வியப்பானது வேறொன்று. கலவாய்களுட் பெரும்பாலானவை பெண்ணாகவே முதிர்ச்சியடைகின்றன. ஆண்டுகள் சென்று உடல் பெருத்தபின் அவற்றுட் சில ஆணாக மாறுகின்றன. கொடுவாவில் இது தலைகீழ்: முதலில் ஆணாக வாழ்ந்து, பின்னர் பெண்ணாக மாறுகிறது. ஆதலின் பெரிய மீன்களையே தேடித்தேடிப் பிடித்துவிட்டால், கலவாய்க் கூட்டத்தில் ஆணும், கொடுவாக் கூட்டத்திற் பெண்ணும் அருகிவிடும். குஞ்சுகளையே வாரிவிட்டால், பெரியவையாக வளர்வதற்கு எதுவும் எஞ்சாது. பெரியதிற் சில, சிறியதிற் பல என்று விட்டுவைப்பது இரக்கத்தினால் மட்டும் செய்வதன்று. தொழில் நிலைப்பதற்கு வேறு வழியே இல்லை. இயற்கை நூல் பயிலாத தண்டயல் இதனைத் தம் தொழிலிலிருந்தே கற்றிருந்தார்.

நீர்நிலையின் ஒழுங்கை மனிதன் குலைத்தால் நேர்வது யாது என்பதற்கு, கொடுவாவின் ஆபிரிக்க உறவினன் ஒருவனின் வரலாறு நல்ல சான்று. ஆபிரிக்காவின் மிகப் பெரிய ஏரியாகிய விக்டோரியாவிலே, 1950களில் நைல் பேர்ச்சு என்னும் மீனைக் கொண்டுவந்து விட்டனர். கொடுவாவின் இனத்தைச் சேர்ந்த அம்மீன், ஓராள் நீளத்துக்கு மேல் வளர்ந்து 200 கிலோகிராம் வரை நிறைபெறக் கூடியது. சில பத்தாண்டுகள் அடங்கியிருந்துவிட்டு, 1980களில் அது கட்டுக்கடங்காமற் பெருகிற்று. அவ்வேரியில் மட்டுமே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் அருகின. பல அடியோடு அழிந்தன. ஏற்றுமதித் தொழிற்சாலைகள் எழுந்தன. அந்நியச் செலாவணி வந்தது. ஆனால் சிறுவலையும் சிறுபடகும் கொண்டு அச்சிறுமீன்களை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தம் பழைய உணவையும் தொழிலையும் இழந்தன. விளைவைப் பெருக்குவோம் என்று தொடங்கிய முயற்சியின் பயன் ஒரு சாராருக்கும், பழி மற்றொரு சாராருக்கும் சென்றது.

பாக்குநீரிணையில் நேர்ந்ததும் ஏறக்குறைய இத்தகையதே. 1960கள் முதல், இறால் ஏற்றுமதியின் பொருட்டுத் தமிழகக் கரையில் இழுவைப் படகுகள் பெருகின. அரசே கடனும் ஊக்கமும் அளித்து அவற்றை வளர்த்தது. காலப்போக்கில் அக்கரையின் அடித்தளம் வளங்குன்றிற்று. 1974ஆம் ஆண்டு பாக்குநீரிணையிலே கடலெல்லை வகுக்கப்பட்டது. 1980களிலே போர் மூண்டபின் இலங்கையின் வடகடல் அங்குள்ளவர்க்கே மூடப்பட்டது. கடற்றொழிலுக்குத் தடையும் கட்டுப்பாடும் நிலவிய அவ்வாண்டுகளிற் பருத்தித்துறைப் படகுகள் கரையிற் கிடக்க, எதிர்க்கரை இழுவைப் படகுகள் எல்லை கடந்து வந்து பழகிவிட்டன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து வடமராட்சிக் கரையோரத்திலே மக்களையும் படகுகளையும் வீடுகளையும் வாரிச் சென்றது. 2009இற் போர் முடிந்தபின் தொழிலாளர் மீண்டும் கடலுக்குச் சென்றபோது, தம் பார்களின்மேல் வேறொருவரின் மடி ஓடுவதைக் கண்டனர்.

இலங்கைப் பாராளுமன்றம் 2017ஆம் ஆண்டு சட்டமியற்றி இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்தது. வடபுலத்துத் தொழிலாளரிடையேயும் சிலர் அத்தொழிலைச் செய்து வந்தமையால், அத்தடை அயலாரை மட்டுமன்றித் தம்மவரையும் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டிற் பாக்குநீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடற் படகுகளாக மாற்றும் திட்டமொன்றை இந்திய அரசும் தொடங்கிற்று; அது எதிர்பார்த்த வேகத்தில் முன்னேறவில்லை. தமிழகத்தில் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் யூன் 14 வரை 61 நாட்கள் இழுவைத் தொழிலுக்குத் தடை விதிக்கப்படுகிறது. அவ்விரு மாதங்களிலே கடலடியும் சற்று மூச்சு விடுகிறது.

இவ்வழக்கிலே எதிரெதிரே நிற்பவர் ஒரே மொழி பேசுவோர் என்பதே மிகுந்த வேதனைக்குரியது. போர்க்காலத்தில் இக்கரையிலிருந்து உயிர்தப்பி ஓடியவர்க்கு அக்கரையார் புகலிடம் அளித்தனர். அந்நன்றி இங்கே மறக்கப்படவில்லை. இழுவைப் படகிலே கூலிக்குச் செல்லும் அக்கரைத் தொழிலாளியும் கடன்பட்டவனே. எல்லை கடந்து பிடிபட்டாற் சிறையிருப்பவனும் அவனே. ஆயினும் நன்றி வேறு, நியாயம் வேறு. விருந்தினனுக்குச் சோறிடலாம், விதைநெல்லை அள்ளிக் கொடுக்க இயலாது. தூண்டிலும் சிறுவலையும் கொண்டு வருபவனோடு கடலைப் பங்கிட்டுக்கொள்ள வழிகாணலாம். கடலடியையே உரித்தெடுக்கும் மடியோடு பங்கிட்டுக்கொள்ள எதுவும் எஞ்சாது. இவ்வுண்மையை இரு கரைத் தொழிலாளரும் தாமே நேரிலமர்ந்து பேசித் தெளிதல் வேண்டும். அரசுகள் அப்பேச்சின் முடிவுக்குக் காவலாக நிற்றல் வேண்டும்.

இக்கரையாரின் கடமையும் ஒன்றுண்டு. பார்களின் குறிகளும், நீரோட்டத்தின் போக்கும், காற்றின் அடையாளங்களும், ஒவ்வொரு மீனும் இரை எடுக்கும் விதமும் முதியோரின் நினைவில் மட்டுமே இன்று தங்கியிருக்கின்றன. கைப்பேசியிற் புள்ளியாகக் குறிக்கத்தக்கது அவ்வறிவின் ஒரு பகுதியே. எந்தப் பாரில் எப்போது தூண்டிலைச் சுருட்டவேண்டும் என்பதை அப்புள்ளி கூறமாட்டாது. கரையோரப் பாடசாலைகளில் மாணவர் இவற்றைக் கேட்டெழுதிப் பாதுகாக்கலாம். விலங்கியல் கற்கும் மாணவன், தன் பாட்டனார் கூறுவதையும் நூல் கூறுவதையும் ஒப்பிட்டு நோக்கலாம். கல்வி கற்றவன் கடலை விட்டு விலகவேண்டும் என்ற எண்ணம் இக்கரைகளிலே வேரூன்றிவிட்டது. கற்றவன் கடலின் வழக்கைத் தெளிவாக எடுத்துரைக்க முன்வருவானாயின், அக்கல்வியினால் ஊருக்கும் பயன் விளையும்.

பாட்டனாரோடு படகேறிய அவ்விளைஞனும் ஒருநாள் கொழும்புக்கோ தூரதேசத்துக்கோ செல்லக்கூடும். அது அவன் உரிமை. ஆனால் அவன் திரும்பி வரும் நாளில், கோபுரமும் கலங்கரைவிளக்கமும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும் இடத்திலே, ஏழு பாகத்தின் கீழ் ஒரு கலவாயாவது தன் கல்வாசலிற் காத்துக் கிடக்கவேண்டும். அதற்கு வேண்டியவற்றை இன்றே செய்வது இரு கரையாரின் பொறுப்பு.